வானிலை மிதவைகளின் புதுமையாக்கமும் கடற்பதிவின் தொடர்ச்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

நிலத்தின் வானிலைக்கு நீண்ட ஏடு உண்டு. ஒரு நகரின் அவதான நிலையத்திலே நூறாண்டுகளுக்கு முன்னர் நாட்டப்பட்ட மழைமானி அதே முற்றத்தில், அதே உயரத்தில் இன்றும் நிற்குமாயின், பாட்டன் காலத்து மழையையும் பேரன் காலத்து மழையையும் ஒருங்கே வைத்து ஒப்பிடுதற்குத் தடையில்லை. கடலுக்கு அத்தகைய முற்றம் வாய்க்கவில்லை. பூமிப் பரப்பின் பத்தில் ஏழு பங்கினைக் கொண்ட கடலின் வானிலையை மனிதன் நெடுங்காலமாக வழிப்போக்கனாகவே கண்டு வந்தான். கப்பல் சென்ற இடத்திற் காற்று குறிக்கப்பட்டது. கப்பல் செல்லாத இடம் ஏட்டில் வெறுமையாகவே கிடந்தது. இவ்வெறுமையை நிரப்பும் பொருட்டுக் கடலிலே நிலைநிறுத்தப்பட்ட மிதவைகளின் வரலாறு ஏறத்தாழ முக்காற் நூற்றாண்டுக்கு உட்பட்டது. அவ்வரலாறு பெரும்பாலும் பொறியியல் வெற்றியின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. கருவிகள் புதுமை பெற்ற ஒவ்வொரு முறையும் கடலைப்பற்றிய பழைய பதிவுக்கு யாது நேர்ந்தது என்னும் வினா அதில் அருகியே எழுப்பப்படுகின்றது. அவ்வினாவை முன்வைத்து மிதவைகளின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

கப்பற் குறிப்பேடுகளை ஒழுங்குபடுத்தும் முயற்சி 1853ஆம் ஆண்டிற் பிரசல்சு நகரிற் கூடிய கடல்சார் மாநாட்டோடு தொடங்குகின்றதெனலாம். ஐக்கிய அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த மத்தியூ மோரி என்பாரின் தூண்டுதலினாற் கூடிய அம்மாநாடு, வெவ்வேறு நாட்டுக் கப்பல்களும் காற்று, அமுக்கம், வெப்பநிலை, நீரோட்டம் ஆகியவற்றை ஒரே முறையிற் குறித்தல் வேண்டும் என உடன்பட்டது. இதனாற் கிடைத்த தரவுகள் அளப்பரியன. ஆயினும் அவற்றில் இரு குறைகள் இயல்பாகவே அமைந்திருந்தன. கப்பல்கள் வாணிகப் பாதைகளை விட்டு விலகுவதில்லை என்பது ஒன்று. புயலைக் கண்ட மாலுமி அதனை விட்டு ஓடவே முயல்வான் என்பது மற்றையது. எங்கே, எப்பொழுது அளவீடு மிகத் தேவையோ, அங்கே, அப்பொழுது அளப்பாரில்லை.

இரண்டாம் உலகப் போரும் அதனையொட்டி வளர்ந்த வான்போக்குவரத்தும் இந்நிலையை மாற்றின. 1946ஆம் ஆண்டில் இலண்டனிற் கூடிய சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து மாநாடு, வட அத்திலாந்திக்கிலே பதின்மூன்று இடங்களில் வானிலைக் கப்பல்களை நிறுத்துவதெனத் தீர்மானித்தது. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்துப் பெயராயிற்று. கப்பலொன்று அவ்விடத்தில் வாரக்கணக்காக நிற்கும். அது துறை திரும்புமுன் அடுத்த கப்பல் வந்து சேரும். மேலே பலூன் விட்டுக் காற்றுமண்டலத்தை அளப்பதும், கீழே கயிறு விட்டு ஆழ்நீரின் வெப்பநிலையையும் உவர்ப்பையும் அளப்பதும், விமானங்களுக்கு வானொலி வழிகாட்டுவதும் அக்கப்பல்களின் பணிகளாயின. ஆபத்தில் உதவுவதும் அவற்றின் கடனே. 1947ஆம் ஆண்டு அக்டோபரில், எரிபொருள் போதாமையால் நடுக்கடலில் இறங்கிய ‘பெர்மியூடா ஸ்கை குயின்’ என்னும் பறக்கும் படகிலிருந்த 69 பேரையும், அங்கு நிலைகொண்டிருந்த ‘பிப்’ என்னும் அமெரிக்கக் கரையோரக் காவற்கப்பல் கொந்தளிக்கும் கடலில் ஒருவர் குறையாமல் மீட்டது. இயந்திரம் எத்துணை நுட்பமுடையதாயினும் இவ்வொரு பணியில் அது கப்பலுக்கு ஈடாகாது.

எனினும் ஓரிடத்தை ஆண்டு முழுவதும் காப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்களும், முறைமாறிப் பணிபுரியும் பல மாலுமிக் குழுக்களும் வேண்டியிருந்தன. தாரை விமானங்கள் கப்பல்களின் துணையின்றியே கடல் கடக்கத் தொடங்கியதும், செய்மதிகள் மேலிருந்து முகிற்படம் அனுப்பத் தொடங்கியதும் அச்செலவை அரசுகளின் கண்ணில் உறுத்தலாக்கின. ஐக்கிய அமெரிக்கா 1977ஆம் ஆண்டளவிலே தனது வானிலைக் கப்பல்களை விலக்கிக் கொண்டது. வட பசுபிக்கில் 50 பாகை வட அகலக்கோட்டிலே ‘பாப்பா’ என்னும் நிலையத்தைக் காத்து வந்த கனடா 1981இல் அதனை நிறுத்தியது. நோர்வேக் கடலிலே 1948 முதல் நின்ற ‘மைக்’ நிலையம் மாத்திரம் 2009ஆம் ஆண்டின் இறுதி வரை நீடித்தது. அங்கு நின்ற ‘போலார்புரொன்ற்’ என்னும் கப்பலே உலகின் கடைசி வானிலைக் கப்பல்.

கப்பல்கள் விலகிய இடத்துக்கு வந்தவையே மிதவைகள். அவற்றின் தோற்றம் சற்று முற்பட்டது. ஐக்கிய அமெரிக்கக் கடற்படை 1950களில் ‘நோமாட்’ எனப் பெயரிய, படகு வடிவுடைய, 6 மீற்றர் நீளமுள்ள ஆளில்லா மிதவைகளைக் கடலில் விட்டது. வேகமான நீரோட்டத்திலே நிற்கும் வண்ணம் முன்னரே வடிவமைக்கப்பட்டிருந்த ஒரு மிதவையே இதற்கு மூலமாயிற்று. அடுத்த பத்தாண்டில் வேறொரு வடிவம் தோன்றியது. 12 மீற்றர் விட்டமும் நூறு தொன் அளவிலான நிறையும் கொண்ட உருக்குத் தட்டு அது; கடலோடிகள் அதனைப் ‘பூத மிதவை’ என்றழைத்தனர். பெயருக்கு ஏற்ப, அதனைத் துறையிலிருந்து இழுத்துச் செல்வதற்கே பெருங் கப்பலொன்று தேவைப்பட்டது.

அக்காலத்தில் அமெரிக்க அரசின் பல்வேறு நிறுவனங்கள் தத்தம் மிதவைத் திட்டங்களைத் தனித்தனியே நடத்தி வந்தன. 1967ஆம் ஆண்டில் இவற்றை ஒன்றுபடுத்தும் பொறுப்புக் கரையோரக் காவற்படையின் கீழ் அமைந்த ஒரு திட்டத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1970இல் தேசிய சமுத்திர வளிமண்டல நிருவாகம் உருவாகியபோது அத்திட்டம் அதனுள் அடங்கி, மிசிசிப்பி மாநிலத்தைத் தளமாகக் கொண்டு, பின்னர் தேசிய தரவு மிதவை நிலையம் எனப் பெயர் பெற்றது. தொடக்ககால இடர்கள் பல. நங்கூரச் சங்கிலி அலையின் ஓயாத அசைவினால் உராய்ந்து தேய்ந்தது. பாசியும் கொட்டலசும் உணர்கருவிகளை மூடின. மின்கலங்கள் எதிர்பார்த்ததற்கு முன்னரே வலுவிழந்தன. வானொலிச் செய்தி, குறிப்பாகப் புயல் வேளையிலே, கரையை அடையாது மறைந்தது. 1970களின் நடுப்பகுதியிலே புவிநிலைச் செய்மதிகள் செய்தியை ஏந்தத் தொடங்கிய பின்னரே மணிக்கொரு முறை தவறாது அளவீடு பெறுதல் சாத்தியமாயிற்று. வேறுவிதமான இடரும் ஒன்றுண்டு. அமெரிக்க மேற்குக் கரையோரத்தில் மிதவைகளின் தட்டுகளைக் கடற்சிங்கங்கள் தமக்குரிய திண்ணைகளாகக் கொண்டு ஏறிப் படுத்தமையால், பொறியியலாளர் அவற்றுக்குக் கம்பிக்கூடு அமைக்க நேர்ந்தது.

செய்மதியும் சூரியக்கலமும் குறைந்த மின்வலுவில் இயங்கும் இலத்திரன் உறுப்புகளும் வந்தபின் பூத மிதவைக்குத் தேவையில்லாது போயிற்று. 10 மீற்றர், 3 மீற்றர் என விட்டம் சுருங்கியது. உருக்கு நீங்கி அலுமினியமும், அதன் பின்னர் நுரைப்பொருளும் வந்தன. சிறிய மிதவையைக் கப்பலின் மேற்றளத்திலேயே ஏற்றிச் செல்லலாம், பாரந்தூக்கியினால் இறக்கலாம், பழுதுபட்டதை ஒரே பயணத்தில் மாற்றலாம். பிற்காலத்தே கருவித் தொகுதி முழுவதையும் ஒருங்கே கழற்றி மாற்றத்தக்க அமைப்புகளும் வழக்குக்கு வந்தன. செலவை நோக்கினும் உழைப்பை நோக்கினும் இம்மாற்றம் தவிர்க்கவியலாதது.

சிறியது வலிமை குன்றியது எனக் கருதுதலும் பொருந்தாது. 2005ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் கத்ரீனாச் சூறாவளி மெக்சிக்கோ வளைகுடாவைக் கடந்தபோது, அங்கு நின்ற 10 மீற்றர்த் தட்டு மிதவையொன்று கவிழ்ந்தது. கரைக்கு அணித்தாக நின்ற 3 மீற்றர் மிதவையோ நிமிர்ந்து நின்று, 16.9 மீற்றர்க் குறிப்பலை உயரத்தை அறிவித்தது. குறிப்பலை உயரம் என்பது ஏறத்தாழ, அலைகளுள் உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரி ஆகும். தனி அலைகள் அதனினும் மிக உயர்ந்திருக்கும்.

இனி, இச்சுருக்கத்தின் மறுபுறத்தை நோக்குதல் தகும். 10 மீற்றர், 12 மீற்றர்த் தட்டுகளிலே காற்றுவேகமானி நீர்மட்டத்துக்கு மேல் 10 மீற்றர் உயரத்தில் இருந்தது. 3 மீற்றர் மிதவையிலும் நோமாட்டிலும் அது 5 மீற்றர் அளவிலேயே இருக்கின்றது. நீர்ப்பரப்பின் உராய்வினாற் காற்று கீழே தளர்ந்தும் மேலே விரைந்தும் வீசுவது இயல்பு. சாதாரண நிலையில் 5 மீற்றர் உயரத்துக் காற்று, 10 மீற்றர் உயரத்துக் காற்றினும் நூற்றுக்கு 6 அல்லது 7 குறைந்திருக்கும். ஆகவே ஒரு நிலையத்திற் பெரிய தட்டு எடுக்கப்பட்டுச் சிறிய மிதவை விடப்பட்ட நாளன்று, கடலில் எவ்வித மாற்றமும் நேராதிருக்கவே, ஏட்டிற் காற்றுத் தளர்ந்துவிடும். மானியின் உயரம் இன்னதெனக் குறித்து வைக்கப்பட்டிருப்பின் கணக்கினாற் பிழையைத் திருத்தலாம். குறிப்பில்லையேல், ஐம்பதாண்டுகளின் பின் அவ்வேட்டைப் புரட்டும் மாணவன், கடற்காற்று வலுவிழந்த ஒரு காலம் இருந்ததென எழுதக்கூடும்.

அலையின் நிலை இதனினும் சிக்கலானது. மிதவை அலையை நேரே அளப்பதில்லை. தான் மேலெழுந்து கீழிறங்கும் அசைவை ஆர்முடுகல்மானியினால் உணர்ந்து, அதனைக் கணித முறையால் அலையுயரமாக மாற்றுகின்றது. எனவே மிதவையின் வடிவம், நிறை, அது அலைக்கு இசைந்து அசையும் பாங்கு, நங்கூரக் கயிற்றின் இழுவை ஆகிய யாவும் அளவீட்டிற் கலந்தே வரும். படகு வடிவமும் தட்டு வடிவமும் ஒரே அலைக்கு ஒரே விதமாக ஆடுவதில்லை. சில மிதவைகளில் ஆர்முடுகல்மானி உடலோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. மிதவை சாயும்போது அதுவும் சாய்ந்து, புவியீர்ப்பின் ஒரு கூற்றையும் அசைவாகக் கொள்ளும். வேறு சிலவற்றில் அது எப்பொழுதும் நிலைக்குத்தாக நிற்கும் வண்ணம் தொங்கவிடப்பட்டிருந்தது. வன்பொருள் மாறாவிடினும், உள்ளிருந்த கணிப்பு முறை மாறியதால் எண்கள் பெயர்ந்ததுமுண்டு.

இவை நுண்ணிய தொழில்நுட்பப் பூசல்கள் எனத் தள்ளத்தக்கன அல்ல என்பதை வட கிழக்குப் பசுபிக்கின் அலைப்பதிவு காட்டுகின்றது. வொஷிங்டன் மாநிலக் கரைக்கு அப்பால் நின்ற 46005 என்னும் எண்ணுடைய மிதவையின் பதிவு 1970களின் நடுப்பகுதியிலிருந்து கிடைக்கின்றது. இப்பதிவை ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுச் சராசரி அலையுயரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 சதமமீற்றர் வீதம் கூடி வந்துள்ளதென்றும், ஆண்டின் மிகப்பெரும் அலைகள் அதனினும் விரைவாக உயர்ந்துள்ளனவென்றும் கூறியது. கரையரிப்பு, அணைகட்டுதல், வீடமைப்பு ஆகிய யாவும் இத்தகைய எண்களையே நம்பியுள்ளன. ஆனால் அடுத்த ஆண்டிலே கெம்ரிச் என்பாரும் உடனாய்வாளரும் அப்பகுதி மிதவைகளின் பராமரிப்புக் குறிப்புகளை வரிவரியாகத் தேடி, மிதவையும் கருவியும் மாற்றப்பட்ட திகதிகளோடு அலையுயரத் தொடரிற் காணப்பட்ட திடீர்ப் படிகளை ஒப்பிட்டனர். அப்படிகளைத் திருத்திய பின்னர் உயர்ச்சியின் அளவு பெரிதும் சுருங்கியது. கடல் உயர்ந்ததாகத் தோன்றியதில் ஒரு பங்கு கருவி மாறியதன் விளைவு. இங்கு உண்மையைக் காத்தவை பழைய பராமரிப்பு ஏடுகளே என்பது வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. கல்வெட்டின் வாசகத்தை மாத்திரம் படிப்பவன், கல் பெயர்த்து நடப்பட்டதை அறியான்.

இதனினும் பெரிய வழக்கு, கடல்மேற்பரப்பு வெப்பநிலை பற்றியது. கப்பல்கள் நெடுங்காலம் வாளியால் நீர் மொண்டு அளந்தன. பின்னர் இயந்திரத்தைக் குளிர்விக்க உட்கொள்ளும் நீரின் வெப்பநிலையைக் குறித்தன. இயந்திர அறையின் சூட்டினால் அவ்வளவு சிறிது கூடுதலாகவே இருக்கும். மிதவையோ கடல்நீரில் நேரே நின்று அளப்பது. 1980களின் பின்னர், நங்கூரமின்றி நீரோட்டத்தோடு செல்லும் மிதவைகள் பெருகின. 2005ஆம் ஆண்டு செத்தெம்பரில் அவற்றின் எண்ணிக்கை உலக வலையமைப்புக்கு இலக்காகக் கொள்ளப்பட்ட 1,250ஐ எட்டியது. இவ்வாறு கப்பலின் இடத்தை மிதவை பிடிக்கப் பிடிக்க, சற்றுச் சூடான அளவீடுகள் குறைந்து சற்றுக் குளிர்ந்த அளவீடுகள் கூடின. கடல் வெப்பமடையும் வேகம் தணிந்துவிட்டதென்னும் தோற்றத்துக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. இரண்டும் அருகருகே அளந்த இடங்களை ஒப்பிட்டு, மிதவையின் அளவு சராசரியாக 0.12 பாகை செல்சியசு குறைந்திருப்பதைக் கண்ட அமெரிக்க ஆய்வாளர், அத்திருத்தத்தைச் சேர்த்து 2015இல் வெளியிட்ட முடிவு பெரும் அரசியற் புயலைக் கிளப்பியது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விஞ்ஞானக் குழு அந்நிறுவனத்தின் கடிதப் போக்குவரத்தைக் கோரி ஆணை பிறப்பிக்கும் அளவுக்கு அது சென்றது. 2017இல் வேறு ஆய்வாளர் மிதவைகளை மட்டும் கொண்டும், செய்மதிகளை மட்டும் கொண்டும் தனித்தனியே கணித்து அதே போக்கினைக் கண்டனர். பாகையின் பத்திலொரு பங்கு ஒரு நாட்டின் சட்டமன்றத்தை அசைத்தது என்றால், கருவி மாற்றத்தைச் சிறு செய்தியாகக் கருதுதல் எங்ஙனம் பொருந்தும்?

புதுமையாக்கம் வேண்டாததன்று. அது இல்லாவிடத்து நேரும் கேட்டினை 1982ஆம் ஆண்டு நன்கு உணர்த்தியது. அவ்வாண்டிற் பசுபிக்கின் அயனப் பகுதியிலே, அதுவரை அந்நூற்றாண்டு கண்டவற்றுள் மிக வலிய எல் நினோக்களுள் ஒன்று உருவாகிக் கொண்டிருந்தது. மெக்சிக்கோவின் எல் சிச்சோன் எரிமலை அவ்வாண்டு மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிற் கக்கிய தூசுப்படலம் மேல்வானில் நின்றமையாற் செய்மதிகள் கடலை உள்ளதினும் குளிர்ந்ததாகக் கண்டன. கப்பல்கள் சில மிகுந்த வெப்பத்தை அறிவித்தன. ஆயின் வழமையினின்றும் மிக விலகிய எண்களைப் பிழையெனத் தள்ளுமாறு கணினிக்குப் பணிக்கப்பட்டிருந்தது. மெய் கூறிய சாட்சி இவ்வாறு மன்றில் ஏற்கப்படாது போயிற்று. பேருவில் வெள்ளமும் அவுத்திரேலியாவில் வறட்சியும் வந்தபின்னரே உலகம் நிகழ்ந்ததை முழுவதும் உணர்ந்தது.

அதன் விளைவாக 1985 முதல் 1994 வரை நடந்த சர்வதேச ஆய்வுத் திட்டத்தின்போது, சியாற்றில் நகரிலுள்ள பசுபிக் கடற்சூழல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்ரான்லி ஹேய்ஸ் என்பாரின் தலைமையில் ‘அற்லஸ்’ என்னும் மிதவை உருவாயிற்று. 2.3 மீற்றர் விட்டமுள்ள வளையம். அதன்மேல் ஒரு சிறு கோபுரம். கீழே ஆழ்கடலடி வரை இறுக்கிப் பிடிக்கப்பட்ட வடம். அவ்வடத்தில் 500 மீற்றர் ஆழம் வரை கோக்கப்பட்ட வெப்பமானிகள். மலிவு, எளிமை, எண்ணிக்கை என்பனவே வடிவமைத்தோரின் நோக்கம். ஏறத்தாழ எழுபது மிதவைகள், நடுக்கோட்டின் இருபுறமும் 8 பாகை வரை, பூமியின் சுற்றளவில் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமான நீளத்துக்கு நிரைநிரையாக விடப்பட்டன. 1994ஆம் ஆண்டு திசெம்பரில் அவ்வணி நிறைவெய்தியது. ஹேய்ஸ் 1992இலேயே காலமாகிவிட்டார். 1997இல் அடுத்த பேரெல் நினோ எழுந்தபோது, வெந்நீர் கிழக்கு நோக்கி நகர்வதை உலகெங்குமுள்ள ஆய்வாளர் நாடோறும் பார்த்துக் கொண்டிருந்தனர். பதினைந்தாண்டுகளுள் நேர்ந்த மாற்றம் இது.

மிதவையை ஆக்குதல் ஒன்று; அதனைப் பேணுதல் வேறொன்று. உவர்நீரிலே நிற்கும் கருவி ஓராண்டுக்கு மேற் கவனிப்பாரின்றி நிலையாது. இவ்வணியைப் பேணுவதற்கென்றே 1996 முதற் பணிபுரிந்த ‘காயிமிமோவானா’ என்னும் கப்பல் செலவுக் குறைப்பின் காரணமாக 2012இல் நிறுத்தப்பட்டது. ஈராண்டு கழியுமுன், 2014இன் தொடக்கத்தில், அணியிலிருந்து வந்த தரவு உரிய அளவில் நூற்றுக்கு 40 என்னும் அளவுக்கு வீழ்ந்தது. வாடகைக் கப்பல்களை அனுப்பி அவ்வாண்டுக்குள் அதனைப் பெருமளவு மீட்டனராயினும், இழந்த மாதங்களின் கடல் இழந்ததே. மிதவைகளைத் தாக்கியழித்தவையாகப் புயலையும் திருட்டையும் கூறுவது வழக்கம். இம்முறை அவற்றை வீழ்த்தியது வரவு செலவுத் திட்டத்தின் ஒரு வரி.

இவ்வணியின் பொறுப்பு 2005 முதல் ஆய்வுகூடத்திலிருந்து மிசிசிப்பித் தரவு மிதவை நிலையத்துக்கு மாறிற்று. பழைய உபகரணங்களிற் சில உறுப்புகள் சந்தையிற் கிடையாமையால் அவற்றைப் புதியனவாக மாற்றவும் நேர்ந்தது. அப்பொழுது பழைய மிதவையும் புதிய மிதவையும் ஒரே நிலையத்தில் அருகருகே நிறுத்தப்பட்டு அளவுகள் ஒப்பிடப்பட்டன. 1999இற் பொன் நகரிற் கூடிய காலநிலை மாற்ற உடன்படிக்கை நாடுகள் ஏற்றுக்கொண்ட அவதானிப்பு நெறிகளுள், பழைய அமைப்பும் புதிய அமைப்பும் தக்க காலம் ஒருங்கே இயங்குதல் வேண்டும் என்பதும் ஒன்று. ஏட்டில் எழுதுவதற்கு எளிய நெறி. செயலிலோ, ஒரே இடத்துக்கு இரு மிதவை, இரு வடம், இரு மடங்கு வேலை என்பது அதன் பொருள். நிதி குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் இவ்விரட்டை ஓட்டமே. பயன் நாற்பதாண்டுகள் கழித்துத் தோன்றும். செலவோ இவ்வாண்டிலேயே தோன்றிவிடும்.

வங்காள விரிகுடாவின் நிலை இவ்வகையில் இலங்கைக்கு நேரடித் தொடர்புடையது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கரையை நோக்கி வந்தபோது அவ்விரிகுடாவில் நிரந்தர வானிலை மிதவையெதுவும் நிற்கவில்லை. அது கடலிற் கொண்டிருந்த காற்று, அமுக்கம், நீரின் வெப்பம் ஆகியவை செய்மதிப் படத்தினின்றும் அரிதாய்க் கிடைத்த கப்பற் செய்தியினின்றும் உய்த்துணரப்படுவனவே. சென்னையிலமைந்த தேசிய சமுத்திரத் தொழில்நுட்ப நிறுவனத்தின் கீழ் 1996இல் இந்தியாவின் மிதவைத் திட்டம் அமைந்து, நோர்வேயின் துணையோடு 1997 முதல் அரபிக்கடலிலும் வங்காள விரிகுடாவிலும் மிதவைகள் விடப்பட்டன. அவை முதன்மையாக மேற்பரப்பையே அளந்தன. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், 500 மீற்றர் ஆழம் வரை வெப்பநிலையும் உவர்ப்பும் அளக்கும் புதிய வகை மிதவைகள் அறிமுகமாயின.

ஆழத்தை அளக்கும் இப்புதுமை வங்காள விரிகுடாவுக்குச் சிறப்பாக உரியது. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி முதலிய பேராறுகளின் நன்னீர் இவ்விரிகுடாவின் மேற்பரப்பில் மெல்லிய படையாகப் பரந்து கிடக்கின்றது. சூறாவளி பொதுவாகத் தான் செல்லும் வழியிலே கடலைக் கலக்கிக் குளிர்நீரை மேலே கொணர்ந்து, அதனாற் தன் வலுவைத் தானே குறைத்துக் கொள்ளும். உவர்ப்புக் குறைந்த இலேசான படை மேலே கிடக்குமிடத்து அக்கலக்கம் ஆழத்தை எட்டுவதில்லை. மேல்நீர் எளிதிற் குளிர்வதில்லை. எனவே மேற்பரப்பின் வெப்பத்தை மாத்திரம் அறிந்து வரவிருக்கும் புயலின் வலுவை உரைத்தல் அரிது. 2004 முதற் பல நாடுகளின் கூட்டுறவில் இந்து சமுத்திரத்திலே அமைக்கப்பட்ட ‘ராமா’ என்னும் மிதவை அணியும் இந்நோக்கத்தை உட்கொண்டது. அதற்கென வகுக்கப்பட்ட 46 இடங்களுட் சில, 90 பாகை கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டி விரிகுடாவினுள்ளே அமைந்தவை. 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் மியன்மாரின் ஐராவதிக் கழிமுகத்தை அழித்த நர்கிஸ் சூறாவளியின்போது கடலும் காற்றும் ஒன்றையொன்று தாக்கிய பாங்கினை அம்மிதவைகளின் பதிவுகள் ஆய்வாளர்க்கு வழங்கின. இவ்வணியின் மேற்குப் பகுதியோ, சோமாலியக் கடற்கொள்ளையரின் அச்சத்தால் நெடுங்காலம் தாமதித்தது.

அயனக் கடல்களின் மிதவைகளுக்கு மீன்பிடி வள்ளங்களாலும் ஊறு நேர்கின்றது. வடங்கள் அறுக்கப்படுகின்றன, கருவிகள் கழற்றப்படுகின்றன. இதனைக் குற்றமென்று கூறுவதோடு அமைவது போதாது. கடலில் மிதக்கும் எப்பொருளின் கீழும் மீன் திரளும் என்பது மீனவர் தலைமுறை தலைமுறையாகக் கண்டது. நடுக்கடலில் அசையாது நிற்கும் மிதவை அவர்க்கு மீன் கூடும் இடமாகவே தோன்றும். அதிற் பிணைத்த படகின் இழுப்பும், வடத்திற் சிக்கிய தூண்டிலும் கருவிக்குக் கேடு செய்தற்குத் தீய எண்ணம் வேண்டுவதில்லை. தம் உயிரைக் காக்கும் புயலறிவித்தல் அம்மிதவையினின்றும் பிறப்பது என்னும் செய்தி அவர்தம் மொழியில் அவரை எட்டியிருப்பின் நிலை சற்று வேறாயிருக்கலாம்.

வங்காள விரிகுடாவின் மிதவைப் பதிவு இன்னும் முப்பதாண்டுகளை அண்மித்ததே. அதற்குள்ளும் ஒருவகை மிதவை போய் வேறுவகை வந்துவிட்டது. சூறாவளிகள் முன்னையினும் வலுப்பெறுகின்றனவா என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் 2013ஆம் ஆண்டு ஒடிசாவைத் தாக்கிய பைலின் புயலின் கடலளவீடுகளை 1978இன் அளவீடுகளோடு ஒப்பிட விரும்பினும், ஒப்பிடுதற்கு மறுபுறத்தில் ஒன்றுமில்லை. இனி வருவோர் 2013இன் அளவீடுகளைத் தம் காலத்தவற்றோடு ஒப்பிட இயலுமா என்பது, இடைப்பட்ட ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழையதும் புதியதும் எத்தனை நாள் அருகருகே நின்றன, அது எந்த ஏட்டிற் குறிக்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்தது.

வட பசுபிக்கின் ‘பாப்பா’ நிலையத்திலே வானிலைக் கப்பல் 1981இல் விலகிய பின்னரும், கனடிய ஆய்வுக் கப்பல்கள் கரையிலிருந்து அந்நிலையம் வரை ஒரு கோட்டிலே ஆண்டுக்குச் சில தடவை சென்று நீரை அளந்து வருவதை விட்டுவிடவில்லை. 2007இல் அதே இடத்திற் சியாற்றில் ஆய்வுகூடம் ஒரு மிதவையை நிறுத்தியது. கப்பலின் மணிக்கணக்கான காற்றுப் பதிவுக்கும் மிதவையின் பதிவுக்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகளின் வெறுமை உண்டு. ஆழ்நீரின் பதிவில் அவ்வெறுமை இல்லை. 1950களில் வானிலைக் கப்பலின் மாலுமிகள் கயிறு விட்டு அளந்த நீரின் தொடர், ஆய்வுக் கப்பல்களின் வழியே மிதவை நின்ற காலத்தையும் வந்தடைந்தது.